ரன்னிங் பேக்குக்கு வருடம் 2 கோடி டாலர்: ஓட்டம் அவ்வளவு பெறுமா?

பச்சைச்சட்டை:
2025 மார்ச்சில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பிலடெல்ஃபியா ஈகிள்ஸ், தங்கள் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவர்) சேக்வான் பார்க்லியின் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு 4.12 கோடி டாலருக்கு நீட்டித்தார்கள். சராசரி வருடத்துக்கு 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் இவர்தான். உடனே பழைய பேச்சு கிளம்பிவிட்டது: என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இப்போது பாஸ் ஆட்டம், அதாவது பந்தை எறிந்து ஆடுவது, ஓடுகிறவனுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுப்பது வீண் என்று.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 2024 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு ஆட்டத்தில் ஈகிள்ஸ் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஓய்வு வாரம் முடிந்து வந்ததும் பந்தைப் பார்க்லி கையில் கொடுத்து ஓட ஆரம்பித்தார்கள். மீதி 13 ஆட்டத்தில் 12 வெற்றி. பார்க்லி 345 முறை ஓடி 2,005 யார்டு எடுத்தார். ப்ளேஆஃபையும் சேர்த்தால் 2,504. 1998ல் டெரல் டேவிஸ் படைத்த 2,476 யார்டு சாதனை அத்தோடு போனது.

ராம்ஸ் அணியோடு 2025 ஜனவரி 19ஆம் தேதி நடந்த ப்ளேஆஃப் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பனி கொட்டுகிறது, தரையில் கோடுகளே தெரியவில்லை, நான்காவது குவார்ட்டர், ஈகிள்ஸ் 22-15 என்று முன்னிலை. எல்லோரும் வழுக்கிக்கொண்டிருந்த அந்தத் தரையில் பார்க்லி இடைவெளிக்குள் நுழைந்து ஒரே ஒரு கட் (திடீர்த் திருப்பம்) போட்டார். அதன்பின் அவரைத் தொட ஆளில்லை. 78 யார்டு. அன்று மொத்தம் 205. அந்த வானிலையில் பந்தை எறியும் எந்த குவார்ட்டர்பேக்கை நம்பி ஆடுவது?

எண்ணும்எழுத்தும்:
அந்த ஓட்டம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல நாளை வைத்துச் சம்பளம் போட முடியாது.

அடிப்படைக் கணக்கு இது. ஒரு பாஸ் முயற்சிக்கு லீகில் சராசரி ஏறக்குறைய 7 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு நாலரை யார்டுக்குள். பிடிபட்ட பாஸ்களை மட்டும் எண்ணிய கணக்கு இல்லை, கீழே விழுந்தவையும் இதில் உண்டு. சாக்கையும் (எறியுமுன் குவார்ட்டர்பேக் சாய்க்கப்படுவது) இன்டர்செப்ஷனையும் (பாஸை எதிரணி பிடித்துவிடுவது) கழித்து, ஒவ்வொரு ஆட்ட அசைவும் எத்தனை புள்ளியைக் கொண்டுவருகிறது என்று பார்த்தாலும் பாஸ்தான் முன்னால் நிற்கிறது. 1978ல் விதியை மாற்றி, ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை (பாஸ் பிடிப்பவரை) இடிக்கக் கூடாது என்றார்கள். முன்வரிசையில் நின்று காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டித் தடுக்கவும் அனுமதி கொடுத்தார்கள். அன்று சாய்ந்த தராசு இன்றுவரை நிமிரவில்லை.

இன்னொன்று. ஒரே சீசனில் 2,000 யார்டு ஓடியவர்கள் வரலாற்றில் ஒன்பது பேர். அதே வருடம் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்தவர்கள் 1998ல் டேவிஸ், 2024ல் பார்க்லி, இரண்டே பேர். மீதி ஏழு பேரின் அணி அந்த வருடம் ஒரே ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஓ.ஜே. சிம்சன், டிக்கர்சன், பேரி சாண்டர்ஸ், ஜமால் லூயிஸ், கிறிஸ் ஜான்சன், ஏட்ரியன் பீட்டர்சன், 2020ன் டெரிக் ஹென்றி. இத்தனைக்கும் எல்லோரும் மகா ஓட்டக்காரர்கள்.

சூப்பர் பௌலில் பார்க்லி என்ன செய்தார்? 25 ஓட்டம், 57 யார்டு. ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்தார்கள்.

ஐந்துபேர்:
நீங்கள் இரண்டு பேரும் பந்தை வைத்திருப்பவனையே பார்க்கிறீர்கள். அவனுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரைப் பற்றி யாராவது பேசுங்கள்.

2023ல் இதே ஈகிள்ஸ் லைனுக்கு, அதாவது அந்த ஐந்து பேருக்கு, பின்னால் ஓடியவர் டிஆண்ட்ரே ஸ்விஃப்ட். 1,049 யார்டு, ஓட்டத்துக்கு 4.6. அதே வருடம் பார்க்லி நியூயார்க் ஜயன்ட்ஸில் 962 யார்டு, ஓட்டத்துக்கு 3.9. அடுத்த வருடம் பார்க்லி இங்கே வந்தார், ஸ்விஃப்ட் சிகாகோ பேர்ஸுக்குப் போனார். ஸ்விஃப்ட் 3.8க்கு இறங்கினார், பார்க்லி 5.8க்கு ஏறினார். கால்கள் அதேதான். மாறியது முன்னால் நின்ற சுவர்.

அந்தச் சுவர் ஒரே நாளில் எழும்பவில்லை. லேன் ஜான்சன் 2013 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது) நான்காவது தேர்வாக வந்தவர். ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018ல் ஏழாவது ரவுண்டில் எடுத்து, இந்த ஆட்டத்தையே அவருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்கள். லேண்டன் டிக்கர்சனும் கேம் ஜர்கன்ஸும் இரண்டாவது ரவுண்டு. 2024ல் வந்த மெக்காய் பெக்டனுக்கு ஜெட்ஸ் அணியில் டேக்கிளாக (லைனின் ஓரத்தில் நிற்பவர்) வாழ்க்கை சரியாக அமையவில்லை. இங்கே கார்டாக (உள்பக்கம் நிற்பவர்) நிறுத்தினார்கள், அற்புதமாக ஆடினார். இவர்களை வளர்த்த கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்டுக்கு அந்த 2,005ல் பெரிய பங்கு உண்டு.

பச்சைச்சட்டை:
ஐந்துபேர், உங்கள் கணக்கையே முழுதாகப் போடுவோம். ஏறக்குறைய அதே லைன். இன்னும் சொல்லப்போனால் 2023ல் லைனின் நடுவில் சென்டராக ஜேசன் கெல்ஸி இருந்தார், 2024ல் ஓய்வு பெற்றுவிட்டார். அப்படியிருந்தும் ஸ்விஃப்டுக்கு 4.6, பார்க்லிக்கு 5.8. ஓட்டத்துக்கு 1.2 யார்டு வித்தியாசம். 345 ஓட்டத்துக்குப் பெருக்கினால் 400 யார்டுக்கு மேல். லைன் வழி திறக்கும், சரி. திறந்த வழியில் 12 யார்டு போவதும் 70 யார்டு போவதும் ஒன்றா? ஜாகுவார்ஸோடு ஆடும்போது சுழன்று, திரும்பிய முதுகோடு ஒரு டிஃபெண்டரைத் தாண்டிக் குதித்தாரே, அதை எந்த லைன்மேன் செய்து கொடுத்தார்?

சூப்பர் பௌலில் 57 யார்டுதான் என்கிறார் எண்ணும்எழுத்தும். ஏன் 57? எதிரணியான சீஃப்ஸ் ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் இந்த ஒருவரைத் தடுக்கவே திட்டம் போட்டு வந்தார்கள். ஆட்களை முன்னால் குவித்தால் பின்னால் ஆள் குறையும். எங்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22 பாஸில் 17 சேர்த்தார். ரிசீவர் டெவோன்டா ஸ்மித்துக்கு 46 யார்டில் ஒரு டச் டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது). அதில் பார்க்லிக்குப் பங்கே இல்லையா?

எண்ணும்எழுத்தும்:
400 யார்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பகுதி 60, 70 யார்டு நீண்ட ஓட்டங்கள். அவை வருடா வருடம் அதே அளவில் திரும்பி வருவதில்லை. ஒப்பந்தம் போடுவதோ அடுத்த வருடங்களுக்கு. ஒப்பந்தம் போட்டபோதே பார்க்லிக்கு 28 வயது முடிந்துவிட்டது. சூப்பர் பௌல் அன்றுதான் பிறந்தநாள். வருடம் 345 முறை மோதித் தள்ளப்படும் உடம்புக்கு 28 இளமை இல்லை.

ராம்ஸ் ரன்னிங் பேக் டாட் கர்லியை மறந்துவிட்டோமா? 2018 ஜூலையில் ராம்ஸ் 5.75 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 4.5 கோடி உத்தரவாதம். அந்த டிசம்பரில் முழங்கால் தொந்தரவு. யாருமே வைத்துக்கொள்ளாத சி.ஜே. ஆண்டர்சனைக் கூப்பிட்டார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே 167 யார்டு, அடுத்ததில் 132, கௌபாய்ஸுக்கு எதிரான ப்ளேஆஃபில் 123. 2020 மார்ச்சில் கர்லியை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பார்க்லியின் முதல் வருடத்தையும் பாருங்கள். 2018 டிராஃப்டில் ஜயன்ட்ஸ் அவரை இரண்டாவது தேர்வாக எடுத்தார்கள். ஓட்டமும் கேட்ச்சும் சேர்த்து 2,028 யார்டு, சிறந்த புதுமுகம் விருது. ஜயன்ட்ஸுக்கோ 5 வெற்றி, 11 தோல்வி. அவர்கள் தாண்டிப்போன குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஏழாவது தேர்வாக பஃபலோ போனார். அதன்பின் பஃபலோ எங்கே, ஜயன்ட்ஸ் எங்கே?

புதுவரவு:
நான் இந்த ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பாஸுக்கு 7, ஓட்டத்துக்கு நாலரைக்குள் என்றால், எதற்கு ஓட வேண்டும்? எப்போதும் பந்தை எறிந்துகொண்டே இருக்கலாமே?

ஐந்துபேர்:
நல்ல கேள்வி. சராசரி ஒரு விஷயத்தை மறைத்துவிடும். நான்கு வாய்ப்பில் 10 யார்டு போனால் ஆட்டம் தொடரும். மூன்றாவது வாய்ப்பு, ஒரே ஒரு யார்டு வேண்டும் என்ற இடத்தில் 7 யார்டு சராசரி உங்களுக்கு எதற்கு? அங்கே வேண்டியது நிச்சயம். பாஸ் கீழே விழுந்தால் பூஜ்யம். ஓட்டம் இரண்டு யார்டு போனாலே போதும்.

அடுத்தது கடிகாரம். பாஸ் கைக்குச் சேராமல் போனால் கடிகாரம் நிற்கும். மைதானத்துக்குள்ளேயே ஓடி விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் அணிக்கு அந்த நொடிகள் பணம் மாதிரி.

2017 பிப்ரவரி சூப்பர் பௌலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னால் இருந்து பேட்ரியட்ஸிடம் தோற்றதை எல்லோரும் சொல்வார்கள். என் மனதை உறுத்துவது கடைசிக் கட்டத்தின் மூன்று அசைவுகள். 28-20. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஜூலியோ ஜோன்ஸ் ஓரக்கோட்டில் கால் நுனியை ஊன்றி ஒரு கேட்ச் பிடிக்கிறார். பந்து பேட்ரியட்ஸின் 22 யார்டு கோட்டில். முதல் வாய்ப்பில் ஓடினார்கள், ஒரு யார்டு இழப்பு. பரவாயில்லை. இன்னும் இரண்டு முறை சும்மா ஓடிவிட்டு ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தால் 31-20. பேட்ரியட்ஸ் இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டும், நேரம் போதாது. ஃபால்கன்ஸ் என்ன செய்தார்கள்? குவார்ட்டர்பேக் மேட் ரையன் பின்வாங்கிப் பந்தை எறியப் பார்த்தார். டிரே ஃப்ளவர்ஸ் சாய்த்தார், 12 யார்டு போயிற்று. அடுத்த பாஸில் லைன்மேன் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்தும் தவறு), இன்னும் 10 யார்டு போயிற்று. ஃபீல்ட் கோல் தூரத்தைத் தாண்டிப் பின்னால் போய், பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். மீதி தெரிந்ததே, கூடுதல் நேரத்தில் 34-28.

ஓட்டத்தின் மதிப்பு யார்டில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எண்ணும்எழுத்தும்:
ஐந்துபேர் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு. ஃபால்கன்ஸ் ஓடக்கூட வேண்டாம், குவார்ட்டர்பேக் இரண்டு முறை மண்டியிட்டிருந்தாலே ஃபீல்ட் கோல் தூரத்தில் இருந்திருப்பார்கள். அதற்கு 2 கோடி டாலர் ஆள் எதற்கு? ஓட்டம் தேவை என்பது வேறு, விலை உயர்ந்த ஓட்டக்காரன் தேவை என்பது வேறு. முதலாவதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஒரு யார்டு விஷயமும் அப்படியே. ஈகிள்ஸ் அங்கே பார்க்லியிடம் பந்தைக் கொடுப்பதே குறைவு. ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளிக் கோட்டைத் தாண்ட வைக்கிறார்கள்.

"ஓடினால்தான் ப்ளே ஆக்‌ஷன் பலிக்கும்" என்று அடுத்து யாராவது சொல்வீர்கள். ஓடுவதுபோல் ஏமாற்றிப் பாஸ் போடுவது பலன் தருகிறது, சரிதான். ஆனால் அணிகள் எத்தனை முறை ஓடுகின்றன என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தொடர்பு ஒன்றும் தென்படவில்லை. குறைவாக ஓடும் அணிக்கும் அது பலிக்கிறது.

பச்சைச்சட்டை:
2019 சீசன் ப்ளேஆஃபில் டைட்டன்ஸ் பேட்ரியட்ஸை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தியது, ஹென்றி 182 யார்டு. அடுத்த வாரம் 14 வெற்றி, 2 தோல்வி என்று வந்த ரேவன்ஸை வீழ்த்தியது, ஹென்றி 195. குவார்ட்டர்பேக் டேனஹில் அந்த இரண்டு ஆட்டத்திலும் எறிந்தது 72 யார்டு, 88 யார்டு. எந்த ஆளைப் போட்டாலும் இது நடந்திருக்குமா?

எண்ணும்எழுத்தும்:
மூன்றாவது வாரத்தையும் சொல்லுங்கள். சீஃப்ஸுக்கு எதிராக 10-0 என்று முன்னால் போனார்கள். சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எழுந்தார். ஹென்றி 69 யார்டு, 35-24 தோல்வி. பின்தங்கிவிட்டால் ஓட்டம் கைகொடுக்காது.

ஐந்துபேர்:
எனக்கு வரிசைதான் முக்கியம். ஜயன்ட்ஸ் லைன் இல்லாமல் பார்க்லியை எடுத்தார்கள், ஆறு வருடம் அவருடைய கால்கள் வீணாயின. ஈகிள்ஸ் லைனைக் கட்டி முடித்துவிட்டு அதே ஆளை வாங்கினார்கள். 2025 டிராஃப்டில் ரெய்டர்ஸ் ஆறாவது தேர்வாக ஆஷ்டன் ஜென்டியை எடுத்தபோது எனக்கு முதல் கவலையே அதுதான். கல்லூரியில் ஒரே சீசனில் 2,601 யார்டு ஓடிய பையன். அவனுக்கு முன்னால் யாரை நிறுத்தப் போகிறார்கள்?

பச்சைச்சட்டை:
சரி, பணத்துக்கே வருவோம். 2025ல் ஓர் அணி மொத்தம் செலவழிக்கக்கூடிய சம்பள வரம்பு 27.92 கோடி டாலர். பார்க்லியின் சராசரி அதில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே மார்ச்சில் ரிசீவர் ஜமார் சேஸுக்குக் கிடைத்தது வருடத்துக்கு 4.025 கோடி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எண்ணும்எழுத்தும், அந்த 2 கோடியை வைத்து நீங்கள் யாரை வாங்கியிருப்பீர்கள்? பெயர் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும்:
ஈகிள்ஸ் டிஃபென்ஸில் இருந்த ஜாஷ் ஸ்வெட். அந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ்கூட (குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்களை ஏவுவது) அனுப்பாமல் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். அதில் இரண்டரை ஸ்வெட்டுடையது, இரண்டு மில்டன் வில்லியம்ஸுடையது. அடுத்த மாதமே ஸ்வெட் அரிசோனா போனார், வருடத்துக்கு 1.91 கோடி. பார்க்லிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்குப் போனார். கோப்பையை வாங்கித் தந்த டிஃபென்ஸை விட்டுக்கொடுத்து, இன்னும் ஒப்பந்தம் மிச்சமிருந்த ஓட்டக்காரனுக்குக் கூட்டிக் கொடுத்தார்கள்.

பச்சைச்சட்டை:
ஸ்வெட் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் இடத்துக்கு 2023ல் முதல் ரவுண்டில் எடுத்த நோலன் ஸ்மித் இருந்தார், 2024ல் மூன்றாவது ரவுண்டில் எடுத்த ஜாலிக்ஸ் ஹன்ட் இருந்தார். இரண்டு பேரும் அந்த ப்ளேஆஃபிலேயே ஆடிக் காட்டியவர்கள். பார்க்லிக்குப் பின்னால் யார்? நான்காவது ரவுண்டில் வந்த வில் ஷிப்லி. அவரை நம்பி 345 ஓட்டம் கொடுப்பீர்களா?