'நாய்ஸம்' என்ற ஆங்கிலச் சொல்: இரைச்சலா, நாற்றமா?

கேள்வி:
19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். சாக்கடையோரச் சந்து ஒன்றுக்கு 'நாய்ஸம்' (என்-ஓ-ஐ-எஸ்-ஓ-எம்-இ) என்று அடைமொழி கொடுத்திருக்கிறார்கள். சந்தில் ஆளரவமே இல்லை என்றும் அதே பத்தியில் வருகிறது. பிறகு சத்தம் எங்கிருந்து? வேரோடு யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
சத்தத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எரிச்சலூட்டுவதைக் குறிக்கும் 'அனாய்' இருக்கிறதே, அதன் முதலெழுத்து தேய்ந்து இடைக்கால ஆங்கிலத்தில் தொல்லை, தீங்கு என்ற பொருளில் தனிச்சொல்லாக வழங்கியது. அதோடு 'ஸம்' விகுதி சேர்ந்ததுதான் இது. 'அனாய்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் போனால் லத்தீன் 'இன் ஓடியோ'. வெறுப்பைக் காட்டும் தொடர். சத்தத்தைக் குறிக்கும் 'நாய்ஸ்' தனி வேர். பழைய பிரெஞ்சில் அதற்குக் கூச்சல், சச்சரவு என்று பொருள்.

உங்கள் வரிக்கு 'முடைநாற்றம் வீசும் சந்து' பொருந்தும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எல்லா இடத்திலும் 'நாற்றம்' போட்டுவிடாதீர்கள். முதற்பொருள் தீங்குதான், நாற்றம் பின்னால் ஏறியது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் சங்கீதம் 91:3இல் கொள்ளைநோய்க்கு இந்த அடைமொழி வருகிறது. தமிழில் அங்கே 'பாழாக்கும் கொள்ளைநோய்' என்றிருக்கிறது, அருமையான தேர்வு. வெளிப்படுத்தல் 16:2இல் புண்ணுக்கும் இதே சொல், தமிழில் 'பொல்லாத'. இரண்டிலும் நாற்றத்தின் பேச்சே இல்லை.

அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். வாடை, குப்பை, சாக்கடை என்றால் நாற்றம். நோய், விலங்கு என்றால் தீங்கு.

கேட்டவர்:
நன்றி. இன்னொரு இடத்தில் சதுப்பு நிலத்து ஆவிக்கும் இதே சொல் வருகிறதே?

பதில் 2:
அங்கே இரண்டு பொருளும் வேண்டும். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்ற 'மியாஸ்மா' கொள்கை 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செல்வாக்கோடு இருந்தது. அதை நம்பிய வாசகருக்கு நாற்றம் என்றாலே ஆபத்து. 'துர்நாற்ற ஆவி' என்றால் அந்தப் பயம் போய்விடும். 'நச்சுவாடை' என்று வையுங்கள்.

பதில் 3:
உச்சரிப்பையும் கவனியுங்கள். 'நாய்ஸ்' என்பதன் கடைசி ஒலி வண்டின் ரீங்காரம்போல அதிரும். 'நாய்ஸம்' சொல்லில் நடுவில் வருவது அதிர்வில்லாத 'ஸ'. ஒலிநூல் பதிவில் இந்த இடத்தில்தான் பலர் தடுக்குகிறார்கள்.