எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனா தலைசுத்தலும் படபடப்பும் போகல. கண்ணால இருக்குமா?

மிதக்கும்தரை:
வணக்கம். பல மாசமா ஒரு மாதிரி தலைசுத்தல். ரூம் கிர்ருனு சுத்துற டைப் இல்ல, நிக்கிற தரை லேசா மிதக்குற மாதிரி, நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளுற மாதிரி. சூப்பர்மார்க்கெட்ல ரெண்டு பக்கமும் உயரமா அலமாரி இருக்குற வழியில போனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கை வேர்த்துரும், எடுத்த பொருள அங்கயே வச்சிட்டு வெளிய வந்துருவேன். போன்ல வேகமா ஸ்க்ரோல் பண்ணாலும் இதே கதைதான். ரத்தம், பிபி, சுகர், தைராய்டு, ஈசிஜி, எம்ஆர்ஐ, காது டாக்டர்னு ஒரு ரவுண்டு முடிச்சாச்சு, எல்லாம் நார்மல். கடைசில ஆங்சைட்டின்னு மாத்திரை குடுத்தாங்க, படபடப்பு கொஞ்சம் அடங்குச்சு ஆனா மிதப்பு அப்படியே இருக்கு. எனக்கு சுத்தல் முதல்ல வருது, பயம் பின்னாடிதான் வருது, இத சொன்னா யாரும் காதுல வாங்க மாட்றாங்க. இன்னொன்னு, படிக்கும்போது ஒரு கண்ண கையால மூடிக்கிறேனாம், வீட்ல சொல்லித்தான் தெரிஞ்சுது. கண் டெஸ்ட்ல 6/6. இதுக்கு மேல கண்ணுல என்ன பாக்குறது?

சாஞ்சகழுத்து:
அந்த ஒரு கண்ண மூடுற விஷயத்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா? கேள்வியில கடைசில போட்டிருக்கீங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. 6/6ன்னா ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா எழுத்த தெளிவா படிக்குதுன்னு மட்டும்தான் அர்த்தம். ரெண்டும் சேந்து ஒரே இடத்த பாக்குதான்னு அந்த சார்ட் சொல்லாது.

எனக்கு ஒரு கண்ணு இன்னொன்ன விட லேசா மேல நிக்குது, கண்ணாடில பாத்தா தெரியவே தெரியாது. பக்கவாட்டுல கண்ணு கொஞ்சம் விலகுனா மூளை இழுத்து சேத்துக்கும், மேல கீழ விலகுனா அதுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது, சாதாரணமா 2, 3 ப்ரிசம் டயாப்டர் (பார்வை எவ்வளவு விலகுதுன்னு அளக்குற அலகு) வரைக்கும்தான் சமாளிக்கும். நாள் முழுக்க தசை இழுத்துக்கிட்டே இருந்தா தலைவலி, மிதப்பு, கழுத்து வலின்னு வரத்தான செய்யும்.

எனக்கு கண்டுபிடிச்சது மேடாக்ஸ் ராட்னு ஒரு டெஸ்ட்ல. ஒரு கண்ணுக்கு முன்னாடி வரி வரியா இருக்குற சிவப்பு லென்ஸ் வச்சு தூரத்துல ஒரு சின்ன லைட்ட பாக்க சொல்வாங்க. அந்த கண்ணுக்கு சிவப்பு கோடு தெரியும், இன்னொரு கண்ணுக்கு வெள்ளப்புள்ளி. லென்ஸ திருப்பி கோட்ட படுக்க வச்சப்ப அது புள்ளிய தொட்டுக்கிட்டு போகணும், எனக்கு தனியா கீழ கிடந்துச்சு. டாக்டர் ப்ரிசம் துண்ட (ஒளிய ஒரு பக்கமா வளைக்கிற கண்ணாடி) ஒவ்வொன்னா மாத்தி வைக்க வைக்க கோடு ஏறி புள்ளில ஒட்டுச்சு. அப்புறம் பழைய போட்டோலாம் கேட்டார், சின்ன வயசுலருந்தே எல்லாத்துலயும் தலைய ஒரே பக்கம் சாச்சு வச்சிருக்கேன்! போஸ் குடுக்குறேன்னு எல்லாரும் நெனச்சிருக்காங்க.

ப்ரிசம் கண்ணாடி போட்டதும் மாயமா சரியாகல, மெல்ல மெல்லதான். இப்ப கடைக்கு தனியா போறேன்.

லென்ஸ்பெஞ்ச்:
கண்ணாடி போடுறீங்களா? பவர் எவ்வளவு? புதுசா மாத்துனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சுதா? நான் இந்த வேலையிலதான் இருக்கேன், அதான் கேக்குறேன். லென்ஸோட மையம் கண் பாப்பாவுக்கு நேரா உக்காரலன்னா லென்ஸே ப்ரிசம் ஆயிரும். மைனஸ் 6 பவர்ல 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனா 3 ப்ரிசம் டயாப்டர், அதுவும் ஒரு லென்ஸ்ல மட்டும் மேல கீழ தள்ளியிருந்தா தலைசுத்தாம என்ன பண்ணும். ப்ரோக்ரெசிவ்னா (தூரம், கிட்ட ரெண்டுக்கும் ஒரே லென்ஸ்) ஓரத்துல பாக்கும்போது அலையடிக்கிறது வேற. அப்புறம் சின்ன வயசா இருந்தா மறைஞ்சிருக்குற ப்ளஸ் பவரும் இருக்கலாம், கண்ணு தானா இறுக்கி 6/6 படிச்சிரும், சொட்டு மருந்து விட்டு பாத்தாதான் மாட்டும்.

நிதானம்பாஸ்:
கண்ணுன்னு இப்பவே முடிவு பண்ணிராதீங்க ப்ரோ. நீங்க சொல்ற சூப்பர்மார்க்கெட், ஸ்க்ரோல், மிதப்பு மூணுமே பிபிபிடினு (PPPD, விடாம நீடிக்கிற ஒரு வகை தலைசுத்தல்) ஒன்னுல அச்சு அசலா வரும். காதோட பேலன்ஸ் பிரச்சனைக்கோ பெரிய பயத்துக்கோ அப்புறம் மூளை பேலன்ஸுக்கு கண்ணயே அளவுக்கு மீறி நம்ப ஆரம்பிச்சிரும், அதுக்கு 2017லதான் முறையா வரையறையே வந்துச்சு. அதுல எம்ஆர்ஐ நார்மலாதான் இருக்கும், வைத்தியம் பேலன்ஸ் பயிற்சி, சில பேருக்கு மாத்திரை, கவுன்சிலிங். ப்ரிசம் போட்டா ஆங்சைட்டியே போயிரும்னு விளம்பரம் பண்றவங்கள எனக்கு நம்பிக்கை இல்ல, அதுக்கு ஆதாரம் இன்னும் கம்மி. குடுத்த மாத்திரைய நீங்களா பட்டுன்னு நிறுத்தவும் வேணாம்.

திடீர்னு ரெட்டையா தெரிஞ்சா, இமை தொங்குனா, ஒரு கண் பாப்பா மட்டும் பெருசானா, பேச்சு குழறுனா கண்ணாடிக் கடைக்கு போகாதீங்க, நேரா எமர்ஜென்சி.

மிதக்கும்தரை:
எல்லாருக்கும் நன்றி. மைனஸ் பவர்தான், கண்ணாடி மாத்தி கொஞ்ச நாள்லதான் ஆரம்பிச்சுது, ரெண்டையும் சேத்து யோசிக்கவே இல்ல. பழைய கண்ணாடி இருக்கு, போட்டு பாக்கவா?

லென்ஸ்பெஞ்ச்:
போட்டு பாருங்க, வண்டி ஓட்டாதப்ப. புதுசையும் கையோட எடுத்துட்டு போய் லென்ஸோமீட்டர்ல (லென்ஸோட பவரையும் மையத்தையும் அளக்குற மெஷின்) வச்சு மையம் பாக்க சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை. அது சரியா இருந்தா மாறுகண் பாக்குற டாக்டர்கிட்ட போய், ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்னு அந்த வார்த்தையிலயே கேளுங்க. வெறும் கண் செக்கப்னு சொன்னா மறுபடியும் எழுத்துதான் படிக்க வைப்பாங்க.