டவரே இல்லாத ரோட்டுல வேலை, எமர்ஜென்சி பீக்கன் இங்கயே வாங்கிட்டுப் போலாமா? அவசரம்

காரைக்குடி_வளவு:
அப்பச்சியோட சாந்தி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கேன், வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சில ஃப்ளைட். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயி மூணு மாசம்தான் ஆச்சு. போன மாசம் வேலைக்குப் போற வழியில டயர் வெடிச்சு அஞ்சு மணி நேரம் தனியா நின்னேன், போன்ல ஒரு கோடு கூட இல்ல. நேத்து வாய் தவறி இத சொல்லிட்டேன், ஆத்தா அப்பலேருந்து சரியா சாப்பிடல, போகவே வேணாங்குறாக. ஆபத்துல அமுக்குனா சேட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற பீக்கன் கருவி ஆன்லைன்ல பாத்தேன், வாங்கிடவா?

கல்லல்_கனடா:
தம்பி, மொதல்ல நல்ல ஜாக்கெட், கார்ல ஒரு போர்வை, மண்வெட்டி. நான் வந்த வருசம் மைனஸ் 30ல பஸ்ஸுக்கு நின்னு காது மரத்துப்போச்சு, பேச ஒரு ஆள் இல்ல, ராத்திரில அழுதிருக்கேன்.

பள்ளத்தூரான்:
தனியா கருவி எதுக்கு, 112 அடிச்சா சிக்னல் இல்லாட்டியும் போகும்.

தேவகோட்டை_ஆச்சி_பேரன்:
தப்புண்ணே. ஏதாவது ஒரு கம்பெனி டவராவது எட்டணும், ஒண்ணுமே இல்லாத எடத்துல 112ம் போகாது. ஐபோன் 14லேருந்து சேட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கு, ஆனா எல்லா நாட்லயும் கிடையாது.

கண்டனூர்_செல்வி:
இதெல்லாம் கம்பெனி குடுக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு வண்டியும் குடுக்கல, வீட்டுக்கு நாலு வார வாடகை அட்வான்ஸ் வேற, ஊர்ல கேட்டா ஃபாரின்ல நல்லாத்தான இருக்கீகங்குறாக.

கல்லல்_கனடா:
உண்மைம்மா. எங்க அய்யா பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போனப்ப மாசத்துக்கு ஒரு கடுதாசிதான், அவுக பட்டதையும் யாரும் கேக்கல.

கோட்டையூர்_பெர்த்:
தம்பி எந்த நாடுன்னே சொல்லலியே?

காரைக்குடி_வளவு:
மன்னிச்சுக்கங்கண்ணே, மேற்கு ஆஸ்திரேலியா, கல்கூர்லி தாண்டி ஒரு சுரங்கம்.

கோட்டையூர்_பெர்த்:
அப்ப ஊர்ல வாங்காதீக. பீக்கன்ல நாட்டோட கோட் இருக்கும், ஆஸ்திரேலியாவுல வாங்குனா அந்த நாட்டு கோட் போட்டே வரும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, ஜிபிஎஸ் உள்ளதா கேளுங்க, ஜிபிஎஸ் இல்லாட்டி தேடுற வட்டம் பல கிலோமீட்டர் ஆயிடும். மாசச் சந்தா கிடையாது. வாங்குன அன்னைக்கே ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு ஆணையத்துல (AMSA, பீக்கன் பதிவெல்லாம் அவுகதான்) பதிஞ்சுடுங்க, இலவசம். அமுக்குனா கான்பெராவுல இருக்க மீட்பு மையத்துக்குத் தகவல் போகும், அவுக மொதல்ல நீங்க பதியுறப்ப குடுத்த நம்பருக்குத்தான் கூப்புடுவாக. அதுல ஆத்தா நம்பர மட்டும் போட்டுடாதீக, நீங்க எந்த ரோட்டுல போனீகன்னு தெரிஞ்ச ஆள் வேணும். ஆன்டெனாவ விரிச்சு வானம் தெரியுற எடத்துல வைங்க, வண்டிய விட்டு நடந்து போயிடாதீக, தண்ணி நெறைய வைங்க.

தேவகோட்டை_ஆச்சி_பேரன்:
மெசேஜும் அனுப்புற மாதிரி வேணும்னா சேட்டிலைட் மெசேஞ்சர், அதுக்கு சந்தா உண்டு. ஆனா அடுத்த தடவ ஊருக்கு வரப்ப அத பைல போட்டுட்டு வந்துடாதீக. இங்க அனுமதி இல்லாம சேட்டிலைட் போன், மெசேஞ்சர் வச்சிருந்தா ஏர்போர்ட்லயே புடிச்சுருவாக.

காரைக்குடி_வளவு:
ரொம்ப நன்றிண்ணே. பெர்த்துல இறங்கி பீக்கன் வாங்கிட்டுத்தான் கல்கூர்லிக்குக் கெளம்புவேன். ஷிஃப்ட் சூப்பர்வைசர்ட்ட நம்பர் போட்டுக்கவான்னு கேட்டேன், சரின்னுட்டாரு. ஆத்தாட்ட இத வாசிச்சுக் காட்டுனேன், அந்தப் பேட்டரி எத்தன மணி நேரம் நிக்கும்னு கேக்குறாக?

கோட்டையூர்_பெர்த்:
அமுக்குனதுலேருந்து கொறஞ்சது 24 மணி நேரம். மேல காலாவதித் தேதி போட்டிருக்கும், அதப் பாத்து வாங்குங்க.