திருப்பூர் ஞாயிறு பரிசோதனை முகாமுக்கு ஆட்கள் தேவை

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்களுக்காகச் சின்னதாக ஒரு புற்றுநோய் அறக்கட்டளை நடத்துகிறோம். பொறுப்பு என்னுடையது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். ஆனால் அது திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஷிப்ட் போனால் வாரக் கூலியில் இடிக்கும். அதனால்தான் ஞாயிறு முகாம்.

பரிசோதனையும் பயப்படும்படி இல்லை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் கலந்து பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் வைப்பார்கள். ஓரிரு நிமிடத்தில், மாறுதல் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அது புற்றாக மாறப் பொதுவாகப் பல வருடம் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும். "வலியே இல்லையே, எதுக்குக்கா?" என்று கேட்கிறார்கள். வலிக்கும்வரை காத்திருக்கவே கூடாத நோய் இது!

இந்தப் பரிசோதனையில் பயிற்சி உள்ள பெண் மருத்துவரோ செவிலியரோ மாதம் ஒரு ஞாயிறு காலை வர முடியுமா? ஆண் மருத்துவர் என்றால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஒடியா, இந்தி பேசும் பெண்களும் வேண்டும். விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளிடம் தமிழ் நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு அறையும் நல்ல வெளிச்சமும் கிடைத்தால் போதும், இடத்துக்கு வேறு வசதி தேவையில்லை.

சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்கள் யாராவது வந்து பேசினால் பெரிய உதவி. நாங்கள் சொல்வதைவிட உங்கள் வார்த்தையைத்தான் நம்புவார்கள்.

பணம் இப்போது கேட்கவில்லை. வர முடிந்தவர்கள் எந்த ஞாயிறு தோதுப்படும் என்று கீழே எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன்.