எட்டு டாலர் ஒயினுக்கு ஒன்பதரை வெள்ளி வரி – உங்கள் ஊரில் எப்படி?

சிங்கப்பூரிலிருந்து:

போன மாதம் பெர்த்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கிளம்பும்போது அவர் நான்கு பாட்டில் சிவப்பு ஒயினைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பக்கத்துக் கடையில் ஒன்று 8 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியதாம். இங்கே அதே பாட்டில் எந்தக் கடையிலும் 20 வெள்ளிக்கு, அதாவது 20 சிங்கப்பூர் டாலருக்கு, குறைந்து கிடைக்காது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சாங்கி விமான நிலையத்தில் ஒரு ஆளுக்குத் தீர்வையில்லாமல் 2 லிட்டர்தான், என்னிடம் இருந்ததோ 3 லிட்டர், மனைவியும் பிள்ளையும் ஒரு வாரம் கழித்து வருவதாக இருந்ததால் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை. சரி, மறைத்துக்கொண்டு, வரி கட்ட ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் போக மனசு வரவில்லை, நேராகச் சிவப்பு வழிக்குப் போய் நின்றேன்.

அங்கே இருந்த அதிகாரி, நல்ல மரியாதையான பெண், பாட்டிலை வாங்கி என்ன பெயர், எந்த ஊர் என்று ஒன்றும் பார்க்கவில்லை. பின்பக்க லேபிளைத் திருப்பி அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தை விரலால் தடவிப் பார்த்தார். 14.5. அதைத்தான் கணக்கில் தட்டினார். கூடுதலாக இருந்த ஒரு லிட்டருக்கு 12 வெள்ளி 76 காசு கலால் வரி, அதற்கும் பாட்டிலின் விலைக்கும் சேர்த்து 9% பொருள் சேவை வரி. கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இங்கே ஒயினுக்குக் கலால் வரி விலையின் மேல் இல்லை, உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் மேல். சுத்தமான ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி; 2014ல் 70 வெள்ளியிலிருந்து உயர்த்தினார்கள். அப்படியென்றால் 14.5 சதவீத ஒயின் ஒரு பாட்டிலுக்கு 9 வெள்ளி 57 காசு. எட்டு டாலர் பாட்டிலுக்கும் அதே, இருநூறு டாலர் பாட்டிலுக்கும் அதே! வசதியுள்ளவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, என்னைப்போல மாதம் ஒரு பாட்டில் வாங்குகிறவனுக்குப் பொருளைவிட வரி பெரிது. குடிப்பதைக் குறைக்கத்தான் வரி என்றால் எனக்கு அதில் மறுப்பில்லை, ஆனால் அந்தப் பாரம் இப்படி விழுகிறது என்பதைப் பதினொரு வருஷமாக இங்கே இருந்தும் நான் கவனிக்கவில்லை. உணவகத்தில் கேட்கவே வேண்டாம், மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு பிளஸ் குறிக்கு அர்த்தம், 100 வெள்ளி பாட்டில் சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 119 வெள்ளி 90 காசு ஆகும் என்பதுதான்.

மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

மும்பையிலிருந்து:

தம்பி, இந்தியாவில் கதையே வேறு. நான் பன்வெல் பக்கம் ஒரு பாண்டட் கிடங்கில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். அதாவது சுங்க வரி கட்டும்வரை சரக்கு இருக்கும் இடம். இங்கே வரி விலையின் மேல்தான், 150%. துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 400 ரூபாய் என்றால் சுங்கம் கட்டி வெளியே வரும்போது அதுவே 1,000 ரூபாய். ஆஸ்திரேலிய ஒயினுக்கு மட்டும் 2022 டிசம்பர் 29லிருந்து இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின்படி குறைத்தார்கள், அதுவும் பாட்டில் 5 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் 100%, 15 டாலருக்கு மேல் போனால் 75%, பிறகு வருஷாவருஷம் இன்னும் இறங்கும். ஐந்து டாலருக்குக் கீழே இருக்கும் சாதாரண ஒயினுக்குச் சலுகை இல்லை. ஆக இங்கேயும் மலிவு சரக்குக்குத்தான் அடி.

சுங்கத்தோடு முடிந்ததா? மது ஜிஎஸ்டிக்குள் வராது, ஒவ்வொரு மாநிலமும் தன் கலால் வரியைத் தானே வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒயினின் லேபிளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், இருபது பெட்டி விற்றாலும் இரண்டாயிரம் பெட்டி விற்றாலும். கோவாவுக்கு அனுப்பிய பெட்டி அங்கே விற்கவில்லை என்றால், நினைத்தபோது எடுத்துவந்து பெங்களூரில் விற்க முடியாது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கிடங்கில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியைப் பிரித்து, பாட்டிலை எடுத்து ஈரம் துடைத்து, இறக்குமதியாளர் பெயர், எம்ஆர்பி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டி, திரும்ப அடுக்கி டேப் போட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கை படாமல் வெளியே போகாது. ஏசி இல்லாத கன்டெய்னரில் மே மாதம் வந்த ஒரு சரக்கு ஞாபகம் இருக்கிறது, திறந்ததும் ஜாம் காய்ச்சிய மாதிரி வாசம், கார்க்கெல்லாம் கால் அங்குலம் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. அவ்வளவும் வீண். அந்த நஷ்டமும் அடுத்த சரக்கின் விலையில்தானே ஏறும்.

ஒஸ்லோவிலிருந்து:

நாங்கள் நோர்வேக்கு வந்து இருபத்தைந்து வருசமாகிறது. இங்கே வைன் வாங்க ஒரே ஒரு இடம்தான், அரசாங்கத்தின் வின்மொனொபூலே, 1922இல் தொடங்கியது. சுப்பர்மார்க்கெட்டில் 4.7 சதவீதத்துக்கு மேல் எதுவும் விற்கக் கூடாது. சிங்கப்பூர் தம்பி சொன்னமாதிரி இங்கேயும் வரி ஆல்கஹாலின் மேல்தான், அதற்கு மேல் 25% மதிப்புக்கூட்டு வரி.

பாரிசில் இருந்து என் ஒன்றுவிட்ட அண்ணா குடும்பத்தோடு வந்திருந்தார். கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே 4 யூரோவுக்கு வாங்குகிற மாதிரியான போர்தோ போத்தல் இங்கே 130 குரோனர். தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, "இது பகல் கொள்ளையடா" என்றார். பிறகு உள்ளே போய், பூட்டின கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கனநேரம் நின்றார். அங்கே இருந்த ஒரு விலைகூடிய புர்கோன் (அதுவும் பிரெஞ்சு வைன்தான்) போத்தலின் விலையை யூரோவில் மாற்றிப் பார்த்தால் பாரிஸ் விலைக்குக் கிட்டத்தான் இருந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை. காரணம் இதுதான்: ஆல்கஹால் வரி போத்தலின் விலையோடு கூடாது, கடை வைக்கிற லாபத்துக்கும் ஒரு போத்தலுக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. ஒஸ்லோவிலும் வடகோடியில் இருக்கிற ஹம்மர்ஃபெஸ்டிலும் ஒரே விலை, அது எனக்குப் பிடித்த விசயம்.

ஆனால் சம்பளம் குறைந்த ஆட்கள் அட்டைப்பெட்டியில் வருகிற மலிவு வைன் வாங்குவார்கள், இல்லையென்றால் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஸ்வினசுண்ட் பாலம் தாண்டி சுவீடனுக்குப் போவார்கள். ஒன்றரை மணித்தியால ஓட்டம்.

சிங்கப்பூரிலிருந்து, மறுபடியும்:

மும்பை அண்ணன் எழுதியதைப் படித்ததும், நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், ஒளிக்காமல் சொன்னார். பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: பாட்டில் 6 வெள்ளி, கப்பல் கூலி 1, கலால் 8.58 (அது 13 சதவீத ஒயின்), ஆக 15.58. அதன்மேல் முப்பது சதவீதம், பிறகு பொருள் சேவை வரி, 22 வெள்ளி.

"அண்ணே, வரிக்கும் சேர்த்து லாபம் வைக்கிறீர்களே, அது நியாயமா" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கிடங்கிலிருந்து எடுக்கும் அன்றைக்கே வரியைக் கட்டிவிட வேண்டும், பாட்டில் விற்க ஆறு மாதமும் ஆகலாம், அதுவரை அந்த 8.58 என் பணம்தானே தம்பி, கடை வாடகை அதற்காகக் காத்திருக்குமா என்றார். 8.58க்கு மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டு ரசீதை என்னிடமே கொடுத்துவிட்டார்.