விஸார்டு ஒருவரே ஆட்டத்தை முடித்துவிடுகிறார், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டின் 5ஆம் பதிப்பை (2014 விதிகள்) நடத்துகிறேன். நான்கு பேர் ஆடுகிறார்கள். 4ஆம் லெவல் வரை பிரச்சினையே இல்லை. 5ஆம் லெவல் வந்ததும் விஸார்டு (மந்திரவாதி) ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை எடுத்தார். ஆறு முகப் பகடை எட்டு, சராசரியாக 28 சேதம், அதுவும் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும். அதே லெவலில் ஃபைட்டருக்குக் கிடைத்தது இன்னொரு வாள்வீச்சு. பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

தப்பு என் பக்கமும் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல் வரை தாங்கும் கணக்கில்தான் அந்த விதிகளை எழுதியிருக்கிறார்கள். நான் வைப்பதோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அப்புறம் லாங் ரெஸ்ட் (எட்டு மணி நேர ஓய்வு), விஸார்டுக்கு மந்திரமெல்லாம் திரும்ப வந்துவிடும். ஷார்ட் ரெஸ்டிலேயே (ஒரு மணி நேர ஓய்வு) ஃபைட்டருக்கு ஆக்‌ஷன் சர்ஜ் (தன் முறையில் கூடுதலாக ஒரு செயல்) திரும்பக் கிடைக்கும் என்ற அனுகூலம் எங்கள் மேசையில் வீணாகிறது. ஆனால் கதை அரசவைச் சூழ்ச்சி பற்றியது. நாளுக்கு ஆறு சண்டையைத் திணித்தால் அபத்தமாக இருக்கும்.

லாங் ரெஸ்டுக்கு ஒரு வாரம் என்று மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஆட்டம் இழுத்ததா? இல்லை, ஃபைட்டருக்கு ஒரு மந்திர வாள் கொடுத்தால் போதுமா? 6ஆம் லெவலில் அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு திறன் மதிப்பெண் உயர்வு வருகிறது; அதற்குப் பதில் ஃபீட் (சிறப்புத் திறமை) ஒன்றாக, கனமான ஆயுதத்துக்கான கிரேட் வெப்பன் மாஸ்டரை எடுக்கச் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன். சரி, விஸார்டின் மந்திரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.