அம்மாவுக்கு வால்வில் கிளிப் போட வேண்டும், துடிப்பும் சீரில்லை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், நாங்கள் குரோம்பேட்டை. அம்மாவுக்கு 74 வயது, இதயம் வீங்கி மைட்ரல் வால்வு கசிகிறது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் உடம்பு தாங்காது, தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய், கசிவைக் குறைக்க வால்வில் கிளிப் போடலாம் என்கிறார் டாக்டர். சிக்கல் என்னவென்றால் அம்மாவுக்கு நாலு வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சீரில்லாமல் துடிக்கும் கோளாறு. 2018-இல் வெளியான, 614 பேரை வைத்து இந்தக் கிளிப் பற்றி நடந்த கோஆப்ட் (COAPT) ஆய்வில், இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிட மோசமாகத்தான் இருந்தார்கள், ஆனாலும் அவர்களுக்கும் வெறும் மாத்திரையைவிடக் கிளிப் பலன் தந்தது என்று படித்தேன். சரி, அது ஆய்வு. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்து கிளிப் போட்டீர்களா? மூச்சிரைப்பு குறைந்ததா, மாடிப்படி ஏறுகிறார்களா? அப்புறம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எப்படித் தொடர்ந்தீர்கள்? அம்மாவுக்கு ஈறில் அடிக்கடி ரத்தம் கசியும், அதுதான் பயம். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.